மரம் வெட்டியதால் ஷெஃபீல்டில் ஆட்சி மாறியதா?

கேள்வி இது: "என் தம்பி முதுகலை படிக்க இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்குப் போயிருக்கிறான். அவன் தங்கியிருக்கும் வீட்டுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி, அந்த ஊர் உள்ளாட்சியான கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவன் அங்கே ஓட்டுப் போடலாமா? கூட இருக்கும் பையன்கள், 'இந்த ஊரில் மரம் வெட்டியதால் கவுன்சில் ஆட்சியே கவிழ்ந்தது' என்று சொல்கிறார்களாம். அது உண்மையா? அங்கே கவுன்சில் தேர்தல் எப்படித்தான் நடக்கிறது?"

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: போடலாம். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் வேண்டும். கூட இருக்கும் பையன்கள் சொன்னது பாதி உண்மை. மரங்களில்தான் தொடங்கியது. ஆனால் முடிந்த இடம் வேறு. இந்த ஊரில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அந்த மரங்களின் நிழலில் தினமும் நடந்தவன். அதனால் இதில் நான் எந்தப் பக்கமும் சாராதவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கதையை மட்டும் நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் தேர்தல் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

ஷெஃபீல்டில் 28 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று கவுன்சிலர்கள். ஆக மொத்தம் 84 பேர். இந்த மூன்று பேரும் ஒரே நாளில் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஒரு வருடம் ஒருவர், அடுத்த வருடம் இன்னொருவர், அதற்கடுத்த வருடம் மூன்றாமவர் என்று வரிசையாகத் தேர்தல் வரும். நான்காவது வருடம் தேர்தல் கிடையாது. ஒவ்வொருவருக்கும் நான்கு வருடப் பதவி. வார்டு எல்லைகளை மாற்றி வரையும்போது மட்டும் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கும். 2016இல் அப்படித்தான் நடந்தது. அன்று ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று ஓட்டு.

இதனால் என்ன ஆகிறது? ஒரு தேர்தலில் அலை அடித்தாலும் மூன்றில் ஒரு பங்கு இடங்கள்தான் கை மாறும். மற்ற இரண்டு பங்கு அப்படியே இருக்கும். ஒரே இரவில் ஆட்சியைத் தூக்கி எறிய முடியாது. மக்களுக்குக் கோபம் இருந்தால் அதை மூன்று நான்கு வருடம் அணையாமல் வைத்திருக்க வேண்டும். ஷெஃபீல்டு மக்கள் அதைச் செய்தார்கள். அதனால்தான் இந்த ஊரின் கதை எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

கவுன்சில் என்னென்ன செய்யும்? குப்பை எடுப்பது, தெருவிளக்கு, சாலை, பூங்கா, நூலகம், கட்டட அனுமதி, கவுன்சில் வாடகைக்கு விடும் வீடுகள் எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் பணம் பெரும்பாலும் போவது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான பராமரிப்பு, பெற்றோரால் வளர்க்க முடியாத குழந்தைகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு. மருத்துவமனை கவுன்சிலின் கையில் இல்லை, அது என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் வசம். போலீஸும் கவுன்சிலின் கையில் இல்லை. சவுத் யார்க்ஷயர் முழுவதற்கும் தனியாக ஒரு மேயர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 2022 முதல் ஆலிவர் கோப்பார்ட் அந்தப் பதவியில் இருக்கிறார். பஸ், டிராம் போன்றவை அவர் பக்கம். 2024இல் போலீஸ் மேற்பார்வையும் அவரிடம் போனது. இதைத் தவிர ஷெஃபீல்டுக்கு 'லார்டு மேயர்' என்று ஒருவர் உண்டு. வருடத்துக்கு ஒருவராகக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள். விழாக்களுக்குச் சங்கிலி அணிந்து வருவார், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், அதிகாரம் எதுவும் கிடையாது. சோமாலியாவில் பிறந்து, அகதியாகச் சிறுவயதில் இந்த ஊருக்கு வந்த மாஜித் மாஜித் 2018இல் அந்தப் பதவிக்கு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவர் பசுமைக் கட்சிக் கவுன்சிலர்.

ஷெஃபீல்டு, லேபர் கட்சியின் கோட்டை. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. 1926இலேயே லேபர் இந்த ஊரின் கவுன்சிலைப் பிடித்துவிட்டது. அவ்வளவு பெரிய நகரம் ஒன்று அந்தக் கட்சியின் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஃகு ஆலைகள், அவற்றைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள். 1980களில் டேவிட் பிளங்கெட் கவுன்சில் தலைவராக இருந்தபோது பஸ் கட்டணத்தைச் சில பென்னிகளில் வைத்திருந்ததை ஊரில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். இடையில் 1999இலும் 2008இலும் லிபரல் டெமாக்ராட்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். 2011இல் லேபர் திரும்ப வந்தது.

ஊரின் வரைபடத்தைப் பார்த்தாலே கட்சிகளின் வரைபடமும் தெரிந்துவிடும். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். அதனால் ஆலைப் புகையெல்லாம் கிழக்கே போகும். வசதியானவர்கள் மேற்குக் குன்றுகளில் வீடு கட்டினார்கள். எக்கிள்சால், ஃபுல்வுட், டோர் எல்லாம் அந்தப் பக்கம். அங்கே லிபரல் டெமாக்ராட்டுகள் பலம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பர்ன்கிரீவ், ஃபர்த் பார்க், மேனர் பகுதிகள் லேபருடையவை. நடுவில் மாணவர்களும் ஆசிரியர்களும் நிறைந்த புரூம்ஹில், நெதர் எட்ஜ் போன்ற வார்டுகள் மெல்லப் பசுமைக் கட்சியின் பக்கம் சாய்ந்தன. மேற்கு, நடு என்ற அந்த இரண்டு பகுதிகளில்தான் பழைய மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

சரி, இப்போது மரத்துக்கு வருவோம்.

2012இல் கவுன்சில், ஏமி என்ற தனியார் நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. 25 வருடம், 220 கோடி பவுண்டு. ஊரின் எல்லாச் சாலைகள், நடைபாதைகள், பாலங்கள், தெருவிளக்குகளோடு சாலையோர மரங்களும் அதில் அடக்கம். நியாயமாகச் சொன்னால், சாலைகளுக்கு அது தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் இந்த ஊர்ச் சாலைகளில் குழி இல்லாத இடத்தைத் தேட வேண்டும். இன்று சாலைகள் நன்றாக இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது.

ஊரில் சாலையோர மரங்கள் மட்டும் ஏறத்தாழ 35,000. பட்டுப்போனது, பட்டுக்கொண்டிருப்பது, நோய் பிடித்தது, ஆபத்தானது, சேதம் செய்வது, நடப்பவர்களுக்கு இடைஞ்சலானது என்று ஆறு காரணங்களை வகுத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார்கள். முதல் நான்கைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஐந்தாவதில்தான் சிக்கல். நூறு வயது மரத்தின் வேர், நடைபாதைக் கல்லையோ ஓரக்கல்லையோ கொஞ்சம் தூக்கியிருந்தால் அது 'சேதம்'. கல்லை மாற்றி வைக்கலாமே, ஓரக்கல்லை வளைத்துப் போடலாமே என்று மக்கள் கேட்டார்கள். மரத்தை வெட்டி, அந்த இடத்தில் ஒரு கன்றை நட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடந்தது. நூறு வருட நிழலுக்குப் பதிலாக, முட்டுக்கொடுத்த ஒரு குச்சி.

செல்சி சாலையில் ஒரு எல்ம் மரம் இருக்கிறது. ஐரோப்பாவின் எல்ம் மரங்களைக் கூண்டோடு அழித்த நோயிலிருந்து தப்பிப் பிழைத்தது. வெள்ளை நிறத்தில் ஆங்கில 'டபிள்யூ' எழுத்துப் போல இறக்கையில் கோடு கொண்ட அரிய வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடுகிறது. 2016இல் இங்கிலாந்தின் 'ஆண்டின் சிறந்த மரம்' போட்டியில் அது இரண்டாம் இடம் பெற்றது. அதுவும் வெட்டும் பட்டியலில் இருந்தது. முதல் உலகப் போரில் இறந்த பழைய மாணவர்களின் நினைவாக வெஸ்டர்ன் சாலையில் நட்ட மரங்களில் சிலவும் அதே பட்டியலில். இதைக் கேள்விப்பட்டபோது, அரசியலில் எந்த அக்கறையும் இல்லாத அண்டைவீட்டார்கூட வாசலுக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள்.

2016 நவம்பர் 17. எண்ட்கிளிஃப் பூங்காவை ஒட்டிய ரஸ்ட்லிங்ஸ் சாலை. விடியற்காலை ஐந்து மணி வாக்கில், இருட்டு விலகும் முன்பே, போலீஸோடு வந்து வீடுகளின் கதவைத் தட்டி, காரை எடுக்கச் சொல்லி, லைம் மரங்களை (எலுமிச்சை அல்ல, லிண்டன் என்ற நிழல் மரம்) வெட்டினார்கள். தடுத்து நின்ற எழுபது வயதுப் பெண்கள் இருவரைக் கைது செய்தார்கள். அவர்கள்மேல் போட்ட வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? தொழிற்சங்கங்கள், தொழிலாளர் உறவு பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு. எஃகுத் தொழிலாளர்களின் ஊரில், தொழிற்சங்கங்களால் உருவான கட்சியின் ஆட்சியில். அப்போது அந்தப் பகுதியின் எம்.பி.யாக இருந்த நிக் கிளெக், புடினின் ரஷ்யாவில் நடக்கக்கூடிய காரியம் இது என்றார். அந்த வழக்குகள் பின்னர் கைவிடப்பட்டன. ஆனால் அந்த விடியற்காலை ஊரின் நினைவிலிருந்து போகவில்லை. என்னைக் கேட்டால், லேபர் பெரும்பான்மையை இழந்த 2021 தேர்தல் உண்மையில் அந்த விடியற்காலையில்தான் தொடங்கியது.

அதன் பிறகு கவுன்சில் விட்டுக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. 2017இல் உயர்நீதிமன்றத்துக்குப் போய், மரத்தைச் சுற்றிப் போடும் தடுப்புக்குள் யாரும் நுழையக் கூடாது என்று தடையாணை வாங்கியது. அதை மீறியதாகச் சொல்லி, பசுமைக் கட்சிக் கவுன்சிலர் அலிசன் டீல்மீதே வழக்குப் போட்டது. ஒரு கவுன்சில் தன் சொந்த உறுப்பினரைச் சிறைக்கு அனுப்பக் கேட்டது. நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். வேறு சிலருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2018 தொடக்கத்தில் ஒரு மரத்தை வெட்டப் பல டஜன் போலீஸாரும் தனியார் காவலர்களும் வந்து நின்றார்கள். மார்ச்சில் வெட்டும் வேலை நிறுத்தப்பட்டது. அதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன.

அதே மாதம்தான் பலரை அதிரவைத்த இன்னொரு செய்தியும் வந்தது. தகவல் அறியும் சட்டத்தின் வழியாக ஒப்பந்தத்தின் ஒரு பகுதி வெளியே வந்தது. அதில் 17,500 மரங்களை மாற்றுவது என்று ஓர் எண். சாலையோர மரங்களில் ஏறத்தாழ பாதி. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பார்த்து, கடைசி வழியாகத்தான் வெட்டுகிறோம் என்று அதுவரை சொல்லி வந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். இவ்வளவு நடந்தபோது அந்தந்த வார்டுக் கவுன்சிலர்கள் என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம், 2000இல் வந்த உள்ளாட்சிச் சட்டம். அதற்கு முன்பு ஆங்கில நகரங்கள் கமிட்டிகளால் நடந்தன. சாலைக்கு ஒன்று, வீட்டுவசதிக்கு ஒன்று என்று, எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உட்கார்ந்து வாக்களித்து முடிவெடுப்பார்கள். 2000க்குப் பிறகு பெரிய கவுன்சில்கள் எல்லாம் கேபினெட் முறைக்கு மாறின. ஒரு தலைவர், அவர் பொறுக்கியெடுத்த பத்துப் பேருக்கு மேற்படாத ஒரு குழு. முக்கிய முடிவுகள் அந்த மேசையில்தான். 84 பேர் ஓட்டு வாங்கி வருகிறார்கள், அவர்களில் பத்துப் பேர் ஆள்கிறார்கள். மற்ற 74 பேர் கேள்வி கேட்கலாம், அறிக்கை விடலாம், வருடத்துக்கு ஒருமுறை பட்ஜெட்டில் கை தூக்கலாம். ஆளும் கட்சியின் பின்வரிசைக் கவுன்சிலருக்கும் இதே கதிதான். மேற்கு வார்டுகளில் கேபினெட்டுக்கு ஒரு ஆள்கூட இல்லை, ஏனென்றால் அங்கே லேபர் ஜெயிக்கவே இல்லை. மரம் வெட்டுவது அந்த வார்டுகளில், முடிவு எடுப்பது வேறு வார்டுக்காரர்கள். 'நாம் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் நம் தெருவைப் பற்றி நம் ஆளுக்குப் பேச்சே இல்லையே' என்று மக்களுக்கு உறைத்தது அப்போதுதான்.

இந்த இடத்தில்தான் ஷெஃபீல்டு மற்ற ஊர்களிலிருந்து வேறுபட்டது. 'இந்த ஆட்களை மாற்று' என்பதோடு நிற்காமல், முறையையே மாற்று என்று கேட்டது.

அப்போதைய சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது, பலருக்கும் தெரியாது. ஊரின் வாக்காளர்களில் ஐந்து சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், ஆட்சி முறையை மாற்றலாமா என்று கவுன்சில் பொதுவாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். முடிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்தும். ஷெஃபீல்டுக்கு ஐந்து சதவீதம் என்றால் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். 'இட்ஸ் அவர் சிட்டி' என்ற குடிமக்கள் அமைப்பு 2018 ஆகஸ்டில் கையெழுத்து வாங்கத் தொடங்கியது. கட்சி சார்பில்லை, பெரிய பணம் இல்லை. சந்தை, பூங்கா, தெருமுனை என்று நின்று ஓராண்டில் 26,000க்கும் மேற்பட்ட கையெழுத்து வாங்கினார்கள். மரம் அதிகம் இல்லாத, மரப் பிரச்சினையே எட்டாத வார்டுகளிலும் போய் வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே கதவைத் திறந்தவர்கள் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. கவுன்சிலுக்குப் போன் செய்தால் பதில் வருவதில்லை என்றார்கள்.

வாக்கெடுப்பு 2020 மே மாதம் நடந்திருக்க வேண்டும். கோவிட் வந்து எல்லாத் தேர்தலையும் ஒரு வருடம் தள்ளிப் போட்டது. 2021 மே 6 அன்று கவுன்சில் தேர்தலும் வாக்கெடுப்பும் ஒன்றாக நடந்தன. கமிட்டி முறை வேண்டும் என்றவர்கள் 89,670. இப்போதைய முறையே போதும் என்றவர்கள் 48,727. நூற்றுக்கு 65 பேர் மாற்றம் கேட்டார்கள். 2012இல் இதே ஊரில் இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நகர மேயர் வேண்டுமா என்று மத்திய அரசு கேட்டது. அப்போதும் நூற்றுக்கு 65 பேர், வேண்டாம் என்றார்கள். அதிகாரத்தை ஒரே ஆளிடம் குவிப்பதை இந்த ஊர் இரண்டு முறை, கிட்டத்தட்ட ஒரே கணக்கில் மறுத்திருக்கிறது.

அன்றே கவுன்சில் முடிவுகளும் வந்தன. லேபர் பெரும்பான்மையை இழந்தது. 84இல் 41 இடம், பெரும்பான்மைக்கு 43 வேண்டும். அந்த வருடம் ஜனவரியில்தான் தலைவர் பொறுப்புக்கு வந்திருந்த பாப் ஜான்சன், ஹில்ஸ்பரோ வார்டில் பசுமைக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். கவுன்சில் தலைவரே தன் வார்டை இழந்தார்.

இனி எண்களை வரிசையாகப் பாருங்கள். 2016இல் லேபருக்கு 57 இடம், லிபரல் டெமாக்ராட்டுக்கு 19, பசுமைக் கட்சிக்கு 4, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கேட்ட யூகிப் கட்சிக்கு 4. 2018இல் லேபர் 53. 2019இல் 49. 2021இல் 41. பசுமைக் கட்சி அதே காலத்தில் 4, 6, 8, 13 என்று ஏறியது. லிபரல் டெமாக்ராட் 19இலிருந்து 29க்கு வந்தது. வருடத்துக்கு வருடம் அறுந்துகொண்டே வந்த கயிறு இது. நான் முன்பு சொன்ன 'மூன்றில் ஒரு பங்கு' கணக்கு இங்கேதான் புரியும்.

ஆனால் இவ்வளவையும் மரத்தின் கணக்கில் எழுதினால் தப்பாகிவிடும். 2010க்குப் பிறகு மத்திய அரசு கவுன்சில்களுக்குத் தரும் பணத்தைக் கடுமையாக வெட்டியது. நூலகங்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. திட்டு வாங்கியது உள்ளூர் ஆளுங்கட்சி. பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஷெஃபீல்டு மயிரிழையில் வெளியேறும் பக்கம் போனது. அந்தப் பிளவு எல்லா வார்டிலும் எதிரொலித்தது. ஊரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பக்கம் 2021இல் கன்சர்வேடிவ் கட்சி ஓரிடம் பிடித்ததற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை. அப்புறம் இன்னொன்று: ஆட்சி 'கவிழ்ந்தது' என்பதும் முழுக்கச் சரியில்லை. அதிக இடம் பெற்ற கட்சியாக லேபர்தான் தொடர்ந்தது. பசுமைக் கட்சியோடு ஓராண்டு உடன்பாடு செய்துகொண்டு நடத்தியது. மாறியது ஆட்சி செய்யும் விதம்.

2022 மே முதல் கமிட்டி முறை வந்துவிட்டது. வீட்டுவசதி, போக்குவரத்து, கல்வி என்று துறைவாரியாகக் கமிட்டிகள். கவுன்சிலில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலமோ அதே விகிதத்தில் ஒவ்வொரு கமிட்டியிலும் இடம். தலைமைப் பொறுப்புகளையும் மூன்று பெரிய கட்சிகளும் பகிர்ந்துகொண்டன. நேற்று வரை எதிர்வரிசையில் இருந்து கத்தியவர், இன்று கமிட்டித் தலைவராக உட்கார்ந்து, பணம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. இது நல்லது என்று நான் நினைக்கிறேன். கமிட்டி முறையில் முடிவுகள் தாமதமாகின்றன, யார் பொறுப்பு என்று தெரியாமல் போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. கூட்டங்கள் நீளம்தான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மரம் வெட்டும் திட்டம், எல்லாக் கட்சியும் உட்கார்ந்த ஒரு கமிட்டியில், பொதுமக்கள் பார்க்க, விவாதத்துக்கு வந்திருந்தால் தேறியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மரக் கதைக்கு அதிகாரபூர்வமான தீர்ப்பு 2023 மார்ச்சில் வந்தது. ஐ.நா.வில் மனிதாபிமான உதவிப் பிரிவின் தலைவராக இருந்த சர் மார்க் லோகாக், தனி விசாரணை நடத்தி அறிக்கை கொடுத்தார். கவுன்சிலின் தலைமை நீண்ட காலம் மோசமாகத் தவறியது, தான் அமைத்த சுயேச்சையான மரக் குழுவையே தவறாக வழிநடத்தியது, நீதிமன்றங்களிடமும் சரியான தகவல் தரவில்லை என்பவை அதன் முக்கிய முடிவுகள். தெருவில் நின்றவர்களைக் கிறுக்கர்கள் என்று பேசியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று எழுத்தில் வந்தது. அப்போது கவுன்சில் தலைவராக இருந்தவர் டெரி ஃபாக்ஸ். மரத் தகராறின் தொடக்க காலத்தில் அந்தத் துறைக்குக் கேபினெட் பொறுப்பில் இருந்தவர். அறிக்கை வந்த இரண்டு மாதத்தில் அவர் விலகினார். டாம் ஹண்ட் தலைவரானார். அந்தக் கோடையில் கவுன்சில் முறையாக மன்னிப்புக் கேட்டது.

ஷெஃபீல்டைப் பார்த்து மற்ற ஊர்களும் யோசித்தன. பிரிஸ்டலில் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் இருந்தார். 2022 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 59 பேர் அதை ஒழித்துக் கமிட்டி முறைக்கு வாக்களித்தார்கள். 2024இல் அது நடைமுறைக்கு வந்த அதே தேர்தலில் பசுமைக் கட்சி 70இல் 34 இடம் பிடித்தது. ஆனால் 2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த அதிகாரப் பகிர்வு மசோதாவில், கமிட்டி முறையையே இங்கிலாந்து முழுவதும் எடுத்துவிட்டு எல்லா ஊரையும் மறுபடி தலைவர்–கேபினெட் முறைக்குக் கொண்டுவரும் பிரிவு இருந்தது. தொண்ணூறாயிரம் பேர் ஓட்டுப் போட்டுக் கேட்டதை லண்டனில் ஒரு பிரிவு எழுதி எடுத்துவிடலாம் என்று நினைத்தது என் மனதை மிகவும் புண்படுத்தியது. இரண்டு ஊரிலும் எதிர்ப்பு வந்தது. இங்கிலாந்தில் உள்ளாட்சிக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நாடாளுமன்றம் கொடுத்தது, நாடாளுமன்றமே எடுக்கலாம். கவுன்சில் தேர்தலில் மூன்றில் ஒருவர்தான் ஓட்டுப் போட வருகிறார்கள் என்பதும் அப்படி எடுக்க நினைப்பவர்களுக்கு வசதியாகிவிடுகிறது.

இனி தம்பி விஷயம். இந்தியா காமன்வெல்த் நாடு. பிரிட்டனில் முறையான விசாவோடு குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள், கவுன்சில் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். மாணவர் விசாவும் இதில் சேரும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் இதே உரிமை. இங்கே வந்து பல வருடம் ஆன நம் ஆட்களில்கூடப் பலர் 'குடியுரிமை வாங்கினால்தான் ஓட்டு' என்று நினைத்துக்கொண்டு பதிவே செய்யாமல் இருக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பதில் போட வேண்டியது சட்டக் கடமை, அபராதம்கூட உண்டு. அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை, வரிக் கணக்குக்கான அடையாள எண்) கேட்பார்கள். இன்னும் வாங்கவில்லை என்றால் அதையே காரணமாக எழுதலாம், பிறகு வேறு ஆவணம் கேட்பார்கள். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். கூடுதல் லாபமும் ஒன்று உண்டு: வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், போன் காண்ட்ராக்ட், வங்கிக் கடன் என்று எதற்குப் போனாலும் முகவரியைச் சரிபார்ப்பது சுலபம்.

தேர்தல் வழக்கமாக மே மாதம் முதல் வியாழக்கிழமை. வாக்குச்சாவடி காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். பெரும்பாலும் பள்ளிக்கூடமோ தேவாலயக் கூடமோ. விரலில் மை வைக்க மாட்டார்கள், இயந்திரமும் கிடையாது. காகிதச் சீட்டில், அங்கே கட்டிப் போட்டிருக்கும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. 2023 முதல் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டே போதும். மாணவர் அடையாள அட்டை செல்லாது, அதை நம்பிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வரும் வாக்குச்சாவடி அட்டையைக் கொண்டுபோக வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் எந்தக் கூடத்துக்குப் போக வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். பரீட்சை நேரமாக இருந்தால் தபால் ஓட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

அவன் வார்டில் நிற்கும் கட்சிகளின் துண்டறிக்கைகள் ஏப்ரலில் கதவிடுக்கு வழியாக வந்து விழ ஆரம்பிக்கும். வேட்பாளர்களே கதவைத் தட்டவும் செய்வார்கள். கவுன்சில் தேர்தலுக்கு டெபாசிட் கிடையாது, அதனால் சாதாரண ஆட்கள்தான் நிற்கிறார்கள். தயங்காமல் கதவைத் திறந்து, தெருவில் குப்பைத்தொட்டி, ஈரம் பிடித்த வாடகை வீடு, ராத்திரி பஸ் என்று மனதில் இருப்பதைக் கேட்கச் சொல்லுங்கள். ஷெஃபீல்டில் இப்போது எல்லாக் கவுன்சிலர்களுக்கும் ஏதாவது ஒரு கமிட்டியில் ஓட்டு இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.